மலையேறிய காற்புள்ளி

1

பீப்.

கூடத்து மேற்கூரையில் ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டத்திலிருந்து வந்தது அந்தச் சத்தம். புகையைக் கண்டால் அலறுவதற்காக இந்த நாட்டில் வீடுதோறும் மாட்டியிருக்கும் கருவி. பேட்டரி தீரப்போகிறது என்றால் மட்டும் இப்படி, விக்கலை அடக்கத் தெரியாதவர் போல, விட்டுவிட்டு ஓர் ஒலி. அடுப்பில் ரசம் நுரைகட்டிக்கொண்டிருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு மேசைக்கு ஓடினேன். மடிக்கணினியைத் திறந்து, ஒன்றுமே எழுதியிராத திரையில், சேமிப்பதற்கான விசைகளை அழுத்தினேன்.

என் மகள் கயல் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறவள். அன்றைக்கு என்னவோ தமிழே வந்தது.

"அம்மா, சத்தம் மேல. கம்ப்யூட்டர் இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் ஓடுற?"

எப்படிச் சொல்வது? ஜவ்வாது மலையில் அந்தச் சத்தத்துக்குக் கரண்டு போய்விட்டது என்று அர்த்தம். யூபிஎஸ் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் மட்டும் மிச்சமிருக்கிறது, அதற்குள் முடிக்காதது முடியாது என்று அர்த்தம். ஊரிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. என் உடம்பு இன்னும் அந்த மலைப் பள்ளியின் கணினி அறையை விட்டு வெளியே வரவில்லை.

2

என் தங்கை ஜெயா மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் வூட்டில் மலையிறங்கிப் போனவள் நான், இருந்தவள் அவள். அந்தப் பள்ளியில் ஆறு கணினிகள். வந்த புதிதில் பூப்போட்ட துணி போர்த்திவைத்தார்கள், பிறகு அந்தத் துணியே யாரும் தொடுவதில்லை என்பதற்கு அடையாளமாகிவிட்டது. இந்த முறை நான் போயிருந்தபோது அவளுக்கு ஓர் ஆணை வந்திருந்தது: பயன்படாத கணினிகளைக் கீழே போளூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்றுவார்கள், சனிக்கிழமை காலை அதிகாரி வேனோடு வருவார்.

"பயன்படுதுன்னு காட்டணும்க்கா. சும்மா ஆன் பண்ணி ஆஃப் பண்றது இல்ல. பத்தாவது பசங்க கணக்கு போட்டுக் காட்டணும்."

"எதுல போடுவாங்க?"

"அதுக்குத்தான உன்ன வச்சிக்கினு கீறேன்."

எனக்கு இங்கே நகரத்துக் குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. மாலையில், யாரும் கூலி தராத இன்னொரு வேலை: உலகத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய கட்டற்ற கணித மென்பொருள் ஒன்றின் உதவிப் பக்கத்தில் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது. நிறுவ முடியவில்லை, திரை கறுப்பாக நிற்கிறது, பின்னம் கோணலாக வருகிறது என்று பெரு நாட்டிலிருந்தும் கென்யாவிலிருந்தும் கேட்பார்கள். பொறுமையாக எழுதுவேன். அந்தத் திமிரில் வெள்ளிக்கிழமை மத்தியானம் பென் டிரைவோடு போய் உட்கார்ந்தேன். சனிக்கிழமை உச்சிப்பொழுது பஸ்ஸில் நான் மலையிறங்க வேண்டும், இரவு சென்னையில் விமானம். நேரம் தாராளமாக இருப்பதாகத்தான் பட்டது.

நிறுவல் வெற்றி என்று காட்டியது. சின்னத்தை அழுத்தினால் ஒரு கறுப்புச் சதுரம் கண் சிமிட்டிவிட்டு மறைந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி சிமிட்டல். அடுத்த கணினியிலும் அதேதான். ஆறிலும் அதேதான்.

கழற்றி மறுபடி நிறுவினேன். பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தேன். சாளரத்துக்கு வெளியே வெயில் புளியமரத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. ஜெயா வாசற்படியில் நின்று கதவின் தாழ்ப்பாளைத் திறந்து திறந்து மூடினாள்.

"இன்னாக்கா, வந்ததுலேர்ந்து அந்தக் கறுப்புப் பொட்டியையே பாத்துக்கினு கீற? ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்ற, உன் தங்கச்சின்னா மட்டும் மருந்து வேல செய்யாதா?"

"தாழ்ப்பாள வுடு முதல்ல. பிழைச் செய்தி என்னன்னு தெரியாம எப்படிச் சரிபண்றது?"

கறுப்புச் சதுரம் மறையாதபடி கட்டளை வரியிலிருந்து நேராக ஓடவிட்டேன். அப்போதுதான் வாய் திறந்தது. ஒரு கோப்புறையைக் காணவில்லை என்றது. அந்தக் கோப்புறையின் முகவரியில், பயனரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், வரிசையாகக் கேள்விக்குறிகள்.

"ஜெயா, இந்தக் கம்ப்யூட்டருக்குப் பயனர் பேரு என்ன வச்சிருக்கே?"

"நெல்லி."

"இங்கிலீஷ்லயா, தமிழ்லயா?"

"தமிழ்லதான். அடுத்தது சாமை, அப்புறம் மூங்கில், தேனீ, கடுக்காய், புளி. பசங்க வச்ச பேரு."

எங்கள் பக்கம் புதிதாக வாங்கிவந்த மாட்டைப் பேர் வைத்துக் கூப்பிட்ட பிறகுதான் தண்ணீர் காட்டுவார்கள். பிள்ளைகள் கணினிக்கும் அதையே செய்திருக்கிறார்கள். இந்த மென்பொருளை எழுதியவர்கள் எந்த நாட்டில் உட்கார்ந்து எழுதினார்களோ, தமிழில் பேருள்ள ஒரு வாசலை அவர்கள் யோசிக்கவில்லை. நெல்லி என்று எழுதியிருந்த இடத்தில் அது ஒன்றுமே இல்லாததைப் பார்த்தது.

"பேர இங்கிலீஷ்ல மாத்தினா வேல செய்யும்" என்றேன்.

தாழ்ப்பாள் சத்தம் நின்றது.

"முடியாது."

"நாளைக்கு வேன் வருதுடி."

"வரட்டும். அது வூட்டுக்கு வந்த மாடுன்னு சொல்லித்தான் பேரு வைக்கச் சொன்னேன். ஆபீசர் வர்றாங்க, பேர மாத்துன்னு அதே வாயால சொல்லச் சொல்றியா? வேற எதுனா வழி பாருக்கா. பேருல கை வைக்காத."

3

இங்கே வந்த முதல் வாரம், வசிப்பிடப் பதிவு அலுவலகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் குடும்பப் பெயர் கேட்டாள். இல்லை என்றேன். எல்லாருக்கும் இருக்கும் என்றாள். எங்களுக்கு அப்பா பேர்தான் முன்னால் நிற்கும் என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவள் முகத்தில் கோபமில்லை. அவளுடைய திரையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக அவளால் முடியாது, அவ்வளவுதான். அப்பாவின் பெயரைச் சொன்னேன். தட்டினாள்.

அன்றிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி 'மதிப்பிற்குரிய திரு. சடையன்' என்றுதான் வருகின்றன. போளூர்ச் சந்தையைத் தாண்டிப் போகாத என் அப்பா, இந்தத் துறைமுக ஊரில் மின்கட்டணம் கட்டுகிறார், பல் மருத்துவரிடம் முன்பதிவு செய்கிறார், நூலகப் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பியதற்கு எச்சரிக்கை வாங்குகிறார். அவர் காலமான மாதத்திலும் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. வாசலில் நின்று, உறையைப் பிரிக்காமல், அந்தப் பெயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளுக்காகப் பேசுகிறாள் என்றுதான் ஜெயாவைப் பற்றி நினைத்தேன். ஆனால் பேருல கை வைக்காத என்று அவள் சொன்னதும் எனக்குக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அந்தக் காலிக் கட்டம் ஞாபகம் வந்தது. சரி, பேரை விடு, வழியை மாற்று.

வட்டின் வேரிலேயே, எந்தப் பயனருக்குள்ளும் போகாமல், ஆங்கிலத்தில் ஒரு வெற்றுக் கோப்புறை போட்டேன். உன் அமைப்புகளை இங்கே தேடு, உன் தற்காலிகக் கோப்புகளை இங்கே எழுது, மற்ற இடத்துக்குப் போகாதே என்று மூன்று வரிக் கட்டளைக் கோப்பு ஒன்றை எழுதினேன். முன்வாசலில் பேர் கேட்டு நிறுத்துகிறார்கள் என்றால் கொல்லைப்பக்கமாக வருவதுதானே. அழுத்தினேன். கறுப்புச் சதுரம் சிமிட்டியது, நின்றது, ஒளிர்ந்தது. ஒன்று என்று எண் போட்டுக் கேள்விக்குக் காத்திருந்தது.

ஜெயா என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அவளுக்குத் தெரிந்த பாராட்டு அது.

4

மென்பொருள் ஓடினால் போதாது. அது சொல்லும் பதில் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

மூன்றில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் கூட்டச் சொன்னோம். பதில் மூன்று வரியாக வந்தது: மேலே ஒரு ஒன்று, நடுவே ஒரு கோடு, கீழே ஒரு இரண்டு. எழுத்தால் வரைந்த பின்னம். அந்தக் கணினிகளில் இருந்த தமிழ் எழுத்துருவில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கிடையாது. மேலே இருந்த ஒன்று கோட்டை விட்டு நழுவி ஓரமாக நின்றது. பெரிய பின்னங்களில் நிலைமை இன்னும் மோசம்.

"கூரை பறந்த வூடு மாதிரி கீதேக்கா" என்றாள்.

இதற்கு என்னிடம் மருந்து தயாராக இருந்தது. என் மடிக்கணினியில், வருடக்கணக்காக நானே செதுக்கிவைத்த அமைப்புக் கோப்பு. தொடங்கும்போதே மென்பொருள் அதைப் படித்துக்கொள்ளும். பின்னத்தை அச்சுப் புத்தகம் போல வரையும், தசமத்தை இரண்டு இடத்தோடு நிறுத்தும், தேவையில்லாத வரி எண்களை மறைக்கும். ஆறு கணினிகளிலும் அதைப் படியெடுத்துப் போட்டேன். மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும் சேர்ந்து அழகான அரையானது. ஜெயா சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

பிறகு பயிற்சித் தாள்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு எண்கள். பக்கத்துத் தாளைப் பார்த்து எழுத முடியாது. ஆயத்தொலை வடிவியலில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். கையால் போட்டுவிட்டு, அதே புள்ளிகளைக் கணினியில் தட்டிச் சரிபார்க்க வேண்டும். மென்பொருளே எண்களை எடுத்து, தாள்களை நிரப்பி, அச்சுக்கு அனுப்பியது.

பாதி அச்சில் கரண்டு போயிற்று. பீப்.

"யூபிஎஸ் நாலு மெஷினுக்குத்தான் வரும், கடுக்காயும் புளியும் செத்துச்சி" என்று கத்திக்கொண்டே ஜெயா அச்சுப்பொறிக்குத் தாள் ஊட்டினாள். நான் வெளியே வரும் தாள்களை வாங்கி அடுக்கினேன். பீப். பீப். கடைசித் தாள் வெளியே வந்ததும் எல்லாம் இருண்டது. சூடான தாள்கட்டு என் மடியில்.

"பாத்துட்டியாக்கா? எல்லாம் சரியா கீதா?"

மேலிருந்து நாலைந்து தாளைச் சாளர வெளிச்சத்தில் பார்த்தேன். எண்கள் ஒழுங்காக, அழகாக, இடம் தவறாமல் இருந்தன.

"பாத்துட்டேன். சரியா இருக்கு."

5

அதிகாரி நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். வளைந்து வளைந்து ஏறியதில் முகம் வெளுத்திருந்தது. வேன் ஓட்டுநர் பின்கதவைத் திறந்து, பழைய போர்வைகளை விரித்துவைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஜெயா அந்தப் போர்வைகளைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

"வாங்க மேடம். தண்ணி குடிக்கிறீங்களா?"

"இருக்கட்டும் டீச்சர். பசங்க ஆரம்பிக்கட்டும். எனக்கு இன்னும் ரெண்டு ஸ்கூல் இருக்கு."

அறை நிறையப் பிள்ளைகள். தாள்கள் கை மாறின. பேனாக்கள் எழுதத் தொடங்கின. பிறகு ஒவ்வொன்றாக நின்றன. பிள்ளைகள் ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். நெல்லிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பவித்ரா எழுந்தாள்.

"மிஸ், புள்ளிக்கு மூணு நம்பர் கீது."

"ரெண்டுதான்டி இருக்கும். ஒழுங்கா பாரு."

"மூணு மிஸ். ரெண்டு கமா அஞ்சு கமா நாலு. இன்னொண்ணு ஆறு கமா ஏழு கமா அஞ்சு."

"எனக்கு நாலு மிஸ்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அதிகாரி பவித்ராவிடம் போய் நின்றார். "மெஷின்ல போட்டுப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் மேடம். அது ரூட் இருபத்தொண்ணுன்னு சொல்லுது. ஆனா எங்க ஃபார்முலால மூணாவது நம்பருக்கு எடமே இல்ல."

நான் அந்தத் தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டரை, நாலு. ஆறு, ஏழரை. ஒரு தாளின்மேல் நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டிய இரண்டு புள்ளிகள். இரண்டரையின் நடுவே புள்ளி இல்லை, காற்புள்ளி. ஏழரையின் நடுவேயும் காற்புள்ளி. என் அமைப்புக் கோப்பு, என் ஆய்வுக்கூடத்துக்கு எழுதுவது போலவே இந்த மலைக்கும் எழுதியிருந்தது. பிள்ளைகள் தாளில் இருந்தபடியே தட்டினார்கள். மென்பொருள் தடுமாறக்கூட இல்லை. மூன்று எண்ணா, சரி, வெளியில் மிதக்கும் புள்ளிகள் என்று எடுத்துக்கொண்டு, தாளிலிருந்து அவற்றைத் தூக்கி ஆகாயத்தில் வைத்து, தூரத்தை அளந்து சொல்லிவிட்டது.

நேற்று சாளர வெளிச்சத்தில் இதைத்தான் பார்த்தேன். பார்த்து, சரி என்றேன்.

6

கயல் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். நோட்டு முழுக்கச் சிவப்பு. நான் சொல்லிக்கொடுத்தபடி இரண்டரைக்குப் புள்ளி வைத்திருந்தாள். இங்கே புள்ளி வைத்தால் அது ஆயிரத்தைப் பிரிக்கும் குறி, தசமத்துக்குக் காற்புள்ளி.

"நீ சொல்றது இங்க தப்பும்மா" என்றாள். அவள் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு அதற்குக் கணக்கில்லை. சோற்றுக்கும் சொன்னாள், சத்தமாகப் போன் பேசுவதற்கும் சொன்னாள்.

அன்று மாலை அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, ஒரு தாள் நிறைய நானும் காற்புள்ளி போட்டுப் பழகினேன். அம்மாவும் தப்புப் போடுகிறாள், அம்மாவும் திருத்திக்கொள்கிறாள் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று. சீக்கிரம் பழகிவிட்டது. எப்போது கண்ணுக்கும் பழகியது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

7

வெளியே, வளைவுக்குக் கீழே எங்கோ, பஸ் ஏறிவரும் முனகல். அதுதான் என் பஸ். மேலே போய்த் திரும்பி வந்து என்னை ஏற்றிக்கொள்ளும்.

ஜெயா என் கையிலிருந்த தாளை வாங்கினாள். ஒரு பார்வை. பிறகு என்னை ஒரு பார்வை. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"ஏய், எல்லாரும் கேளுங்க. இந்த அக்கா இருக்கற ஊர்ல புள்ளிக்குப் பதிலா கமாதான் போடுவாங்களாம். அந்தப் பழக்கம் மெஷின்லயும் ஒட்டிக்கிச்சி. இப்ப சொல்லுங்க, எந்தக் கமா புள்ளி, எந்தக் கமா நெசக் கமா? பின்னாடி எடம் வுட்டிருந்தா நெசம். பேனாவ எடுங்க, திருத்துங்க."

"அக்கா எந்த ஊரு மிஸ்?"

"நம்ம ஊருதான். வழி மறந்துட்டாங்க."

அறை சிரித்தது. அதிகாரியும் சிரித்தார், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான். "தாள் சரி டீச்சர். மெஷின்?"

"ஒரே வரிதான் மேடம், எடுத்துடறேன்" என்று நான் நெல்லிக்குப் பக்கத்தில் இருந்த சாமைக்கு முன்னால் குனிந்தேன். அமைப்புக் கோப்பைத் திறந்து, காற்புள்ளி கேட்கும் அந்த ஒரு வரியைத் தேடிக்கொண்டிருக்கும்போது மின்விசிறி சத்தமில்லாமல் மெதுவானது.

பீப்.

கடுக்காயும் புளியும் அணைந்தன. அவற்றின் முன்னாலிருந்த பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஏதோ அவர்கள்தான் அணைத்துவிட்டது போல. சாமையில் வரியை அழித்தேன், சேமித்தேன், மென்பொருளை மூடித் திறந்தேன். மூங்கிலுக்குத் தாவினேன். பீப். தேனீ. பஸ் மேலே போய்த் திரும்பிவிட்டது, வாசலில் ஹாரன். நடத்துனர் ஆளனுப்பினார். "பொட்டிய ஏத்திட்டேன், அம்மா எங்க?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது.

"தட்டுங்கடா, தட்டுங்க" என்று பவித்ராவின் புள்ளிகளைப் படித்துக் காட்டினாள் ஜெயா. மூங்கிலில் ஒரு பையன், இரண்டு புள்ளி ஐந்து, நாலு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினான். நாலு புள்ளி ஒன்பது ஐந்து என்றது திரை. ஜெயா பவித்ராவின் தாளை அவன் பக்கத்தில் வைத்தாள். கையால் திருத்திப் போட்டதும் அதேதான். அதிகாரி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் நெல்லிக்குத் திரும்பினேன். கோப்பு திறக்கும் முன் பீப் நீண்டு ஒரே கோடானது. திரைகள் எல்லாம் இருண்டன.

அதிகாரி நிமிர்ந்தார்.

"நாலு இருக்கட்டும் டீச்சர். பசங்க போடுறாங்க, பாத்தேன். அந்த ரெண்டை ஏத்திக்கிறேன். கரண்டு போனதும் படுத்துக்கறத வச்சிக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"யூபிஎஸ் வாங்கிட்டா, மேடம்?"

"வாங்கிட்டு எழுதுங்க. பாக்கலாம்."

ஜெயா வாதாடவில்லை. போர்த்தியிருந்த பூத்துணிகளில் இரண்டை எடுத்துக் கடுக்காய்க்கும் புளிக்கும் அவளே சுற்றினாள். ஓட்டுநர் தூக்கும்போது, "மெதுவாங்க, அதுக்குப் பேரு கடுக்காய், கீழ இருக்கற டீச்சர்கிட்ட சொல்லிடுங்க" என்று ஒரு பெண்பிள்ளை கூடவே நடந்து சொன்னாள். அவர் தலையாட்டினார், சிரிக்காமல்.

ஹாரன் நீளமாக அடித்தது. ஓடிப்போய் ஏறினேன். சன்னலோரம் கிடைத்தது. ஜெயா வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது இருவருக்கும்.

"கரண்டு வந்ததும் நெல்லிய மறந்துடாத" என்றேன். "அந்த வரிய மட்டும் அழிச்சா போதும். எப்படின்னு சொல்றேன், கோப்பத் திறந்து—"

"எனக்குத் தெரியும். நீ பண்ணதப் பாத்துக்கினுதான இருந்தேன்."

"அப்ப அழிச்சிடு."

பஸ் அசைந்தது. அவள் கம்பியை விடாமல் நாலு எட்டு கூடவே நடந்தாள்.

"மாட்டேன். அதுல மட்டும் உன் கமா அப்டியே கெடக்கட்டும். நீ வந்து எடுக்கா."